கம்மல் துட்டு

கல்வி உதவித்தொகைக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர். 'கம்மல் துட்டு' என்பாள் அம்மா. அவள் காதிலிருந்த கல் வைத்த கம்மல் 1995 ஜூனில் முதல் தடவை கச்சேரி ரோட்டுப் பக்கம் இருந்த சேட்டு கடைக்குப் போனது. நான் பி.காம். சேர்ந்த வருஷம். கல்விக் கட்டணம் கிடையாது என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நூலகக் காப்புத் தொகை என்று ரசீதில் ஐந்தாறு வரிகள் இருந்தன. கூட்டினால் 700 ரூபாய்.

"இப்ப கட்டிடு தம்பி. ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பிக் குடுத்துடுவோம்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"எப்ப சார் வரும்?" என்று அம்மா கேட்டாள்.

"வரும்மா."

அந்த 'வரும்மா'வுக்கு ஒன்பது மாதம் என்று அர்த்தம். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீடு நொச்சிக்குப்பத்தில், கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே. அப்பா கட்டுமரத்தில் போய்ப் பழகிப் பின்னால் பைபர் போட்டில் ஆளாகப் போனவர். பிடித்து வருவது அவர் பாடு, விற்பது அம்மா பாடு. விடியலில் மணலில் ஏலம். சங்கராவோ கானாங்கெளுத்தியோ ஒரு குவியலை எடுப்பாள். கையில் காசு இருந்தால் அப்போதே தருவாள், இல்லையென்றால் விற்று முடித்து மாலைக்குள். சாயங்காலம் தண்டல்காரர் சைக்கிளில் வருவார். ஆயிரம் ரூபாய் தண்டல் என்றால் கைக்கு வருவது 850தான். தினம் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்டித் தீர்க்க வேண்டும். அவர் அட்டையில் ஒரு கட்டம் விடாமல் கையெழுத்துப் போடுவார். காலையில் எடுத்த மீனுக்கு மாலையில் கணக்கு முடிகிற தெருவில் வளர்ந்தவன் நான். ஒரு தொகையை நிதியாண்டு என்கிற கணக்கில் எதிர்பார்ப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

விண்ணப்பத்தோடு வருமானச் சான்று வைக்க வேண்டும். தாலுகா ஆபீசுக்கு அம்மாவும் நானும் போனோம். வருவாய் ஆய்வாளர் நல்ல மனுஷர். முகத்தில் சலிப்பு இருந்தது, குரலில் இல்லை.

"மாசம் எவ்வளவும்மா வருமானம்?"

"எந்த மாசம் சார்?"

"சுமாரா சொல்லும்மா."

"சுமாரா இன்னா சார் சொல்றது? ஐப்பசி கார்த்திகைல கடலு உடாது, ஒண்ணும் கெடையாது. தைல கொஞ்சம் வரும். நேத்து நெத்திலி நல்லா பட்டுது, முன்னூறு நின்னுது. அதுக்கு முன்னாடி நாலு நாளு கைநட்டம்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஏதோ ஓர் எண்ணை எழுதினார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பையனின் சான்றைப் பார்த்தேன். அதே எண். எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அதே எண். அந்த வருஷம் குப்பத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே வருமானம். இப்படி ஒரு சமத்துவம் எங்கள் கரையில் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

சாதிச் சான்றில் சிக்கல் இல்லை. 1989இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 50 சதவீதத்தை 30, 20 என்று பிரித்து மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் வந்தபோது மீனவர், பட்டணவர், செம்படவர், பர்வதராஜகுலம் எல்லாம் அதில் இடம்பெற்றன. நான் கல்லூரிக்குள் நுழைந்ததே அந்த 20 சதவீதத்தின் வழியாகத்தான். சான்றை அம்மா பாலிதீன் உறையில் போட்டு அரிசிப் பானைக்கு மேலே பரணில் வைத்திருந்தாள். கடலோர வீட்டில் காகிதத்துக்கு முதல் எதிரி உப்புக் காற்று.

மார்ச் முதல் வாரத்தில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். எம்.பி.சி. உதவித்தொகை வந்துவிட்டது, பெயர் உள்ளவர்கள் ரெவின்யூ ஸ்டாம்போடு வரவும். ஸ்டாம்ப் விற்க வாசலிலேயே ஓர் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். நீண்ட மேசை. அதில் கோடு போட்ட பெரிய தாள், அக்விட்டன்ஸ் ரோல் என்பார்கள். வரிசை எண், பெயர், தொகை, கடைசிக் கட்டத்தில் ஸ்டாம்பை எச்சில் தொட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்து. கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழ வேண்டும். எனக்கு நடுக்கத்தில் முழுதும் ஸ்டாம்புக்குள்ளேயே விழுந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். ஏழு நூறு ரூபாய் நோட்டுகள். எண்ணிப் பார்க்காமல் வெளியே ஓடி வந்தேன்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கியபடியே வந்திருந்தாள். அங்கிருந்து நேரே சேட்டு கடை. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. 700 ரூபாய்க்கு மாதம் 21, ஒன்பது மாதத்துக்கு 189. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து 189ஐத் தனியாக எண்ணி வைத்தாள். சேட்டு கம்மலைக் காகிதப் பொட்டலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடைக் கண்ணாடியிலேயே பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

அன்று இரவு வணிகவியல் மாணவன் என்கிற மிதப்பில் நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். அரசு எனக்குத் தந்தது 700. அதைப் பெற நாங்கள் சேட்டுக்குத் தந்தது 189. தொகை ஜூனில் வந்திருந்தால் அது உதவி. மார்ச்சில் வந்ததால் அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அடகுக் கடைக்குப் போய்விட்டது. பல வருஷம் கழித்து எத்தனையோ சுற்றறிக்கைகளைப் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் தொகை எவ்வளவு என்று இருக்கும். எந்தத் தேதிக்குள் என்பது பெரும்பாலும் இருக்காது.

மூன்று வருஷமும் கம்மல் இப்படியே போய் வந்தது. "அதுக்கே வழி தெரியும்டா, நடந்தே பூடும்" என்பாள். காது மூளியாக இருக்கிற மாதங்களில் ஈர்க்குச்சியைக் கிள்ளிச் சொருகிக்கொள்வாள், தூர்ந்து போகாமல் இருக்க. ஈர்க்குச்சியோடு அவள் மீன் விற்கும்போது வாடிக்கைக்கார அம்மாக்கள் கேட்பார்கள். "புள்ள காலேஜி படிக்கிறான்" என்று பதில் சொல்வாள். கம்மலுக்கும் காலேஜுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் மேலே கேட்க மாட்டார்கள்.

2001இல் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்து உதவித்தொகைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். முதல் வாரத்திலேயே என் வாயிலிருந்தும் அது வந்துவிட்டது: "வரும்மா."

தாமதத்தில் யாரும் தூங்குவதில்லை என்பது இந்தப் பக்கம் வந்தபின்தான் தெரிந்தது. ஜூனில் சேர்க்கை தொடங்கினால் முடிய ஆகஸ்ட். இடம் மாறிப் போகிறவர்கள் போய் முடிந்தால்தான் பட்டியல் போட முடியும். சான்று இல்லாதவனுக்காகச் சான்று உள்ளவனின் மனுவும் காத்திருக்கும், கட்டாகத்தான் அனுப்ப வேண்டும் என்பதால். பி.சி. ஒரு கட்டு, எம்.பி.சி. ஒரு கட்டு, எஸ்.சி., எஸ்.டி. வேறு துறைக்கு வேறு கட்டு. மாவட்ட அலுவலகத்தில் சரிபார்த்து, துறைக்குப் போய், நிதி ஒதுக்கீடு ஆணை வந்து, பில் போட்டு, கருவூலம் தாண்டி காசோலையாக வரும்போது பொங்கல் கரும்பு காய்ந்திருக்கும். மார்ச் 31க்குள் பட்டுவாடா ஆகாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். அதனால் பிப்ரவரி வரை நத்தையாக ஊர்ந்த கோப்பு மார்ச்சில் குதிரையாகும். ஒரு மார்ச் 30ஆம் தேதி இரவு ஒன்பது மணி வரை, போன வருஷம் படித்து முடித்துவிட்டுப் போன பையன்களைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன்.

கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ராஜாஜி சாலையில் இருக்கிற ஆட்சியர் அலுவலகத்துக்கு வருஷத்தில் பத்துத் தடவையாவது போவேன். கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. மெரினாவின் இன்னொரு குப்பமான அயோத்திக்குப்பத்தில் 1860இல் பிறந்த சிங்காரவேலர் பட்டம் பெற்று வக்கீலானவர். 1923இல் இந்தியாவிலேயே முதல்முறையாக மே நாளைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர். அவர் பெயர் போட்ட வாசலில் எங்கள் பையன்களின் வருமானச் சான்றுகளைச் சுமந்துகொண்டு நுழையும்போதெல்லாம் ஒரு சின்னக் கர்வம் வரும். லிப்ட் வேலை செய்யாத நாட்களில் வராது.

2004 டிசம்பர் 26 பற்றி அதிகம் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் எல்லாரும் பிழைத்தோம், எல்லா வீட்டுக்கும் அது வாய்க்கவில்லை. ஒன்று மட்டும் இங்கே சொல்ல வேண்டும். அடுத்த கல்வியாண்டில் மனு எழுத வந்த கடற்கரைப் பிள்ளைகள் பலரிடம் பழைய சான்றுகளுக்குப் பதில் உப்பில் ஒட்டிக்கொண்ட அட்டைகள் இருந்தன. எழுத்து அழிந்து முத்திரையின் ஊதா மட்டும் பரவியிருந்தது. அதையும் பத்திரமாகப் பாலிதீனில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

பட்டுவாடா மேசை எங்கள் கல்லூரியில் எந்த வருஷம் போனது என்று சரியாக நினைவில்லை. முதலில் வங்கிக் கணக்கு எண் கேட்டார்கள். 2013 ஜனவரி 1 அன்று மத்திய அரசு நேரடிப் பணப் பரிமாற்றத்தைத் தொடங்கியபோது, முதலில் சேர்த்த திட்டங்களில் கல்வி உதவித்தொகையும் ஒன்று. அதன் பிறகு ஆதார். எச்சில் தொட்டு ஸ்டாம்ப் ஒட்டிய காலத்தில் பணம் வராவிட்டால் யாரிடம் சண்டை போடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். என்னிடம். இப்போது நான் கணினியில் பார்த்து "அனுப்பியாச்சு" என்பேன். பையன் "வரல சார்" என்பான். இரண்டுமே உண்மையாக இருக்கும்.

அது எப்படி என்றால், அனுப்புகிற பட்டியலில் ஆதார் எண்தான் முகவரி. அந்த எண்ணுக்கு எந்த வங்கி என்பதைத் தேசிய அளவில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. கடைசியாக எந்த வங்கியில் ஒப்புதல் கொடுத்து ஆதாரைச் சேர்த்தோமோ, அந்த வங்கிதான் பதிவேட்டில் நிற்கும். மாணவன் மனுவில் எழுதிக் கொடுத்த பாஸ்புத்தகம் வேறாக இருக்கலாம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறேன் என்பான். நகல் கொடுப்பது அடையாளத்துக்கு, பணம் வருவதற்கான இணைப்புக்குத் தனியாக ஒப்புதல் படிவம் தர வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைக் கடந்த பத்து வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. வங்கி இணைப்பு எங்கே இருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போது அறிவிப்புப் பலகையில் நிரந்தரமாக ஒட்டியே வைத்துவிட்டேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை உதவித்தொகை வாங்க மட்டும் திறந்த கணக்கு இரண்டு வருஷம் அசையாமல் கிடந்தால் செயலற்றது என்று முடக்கிவிடுவார்கள். உதவித்தொகைக்காகத் திறந்த கணக்குகளை அப்படி முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே சொல்லி, 2024 ஜனவரியில் மறுபடியும் சொன்னது. இருந்தும் எத்தனையோ பிள்ளைகள் அப்பாவின் ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு வங்கி வாசலில் நின்றுவிட்டார்கள்.

பணத்தை யார் கையில் தருவது என்பதிலும் அரசு நிலையாக நின்றதில்லை. 2010இல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தபோது, தொழிற்கல்விக் கலந்தாய்வில் சேர்கிற மாணவனுக்கான கல்விக் கட்டணம் நேரே கல்லூரிக்குப் போனது. அக்கா மகன் அதில்தான் பொறியியல் படித்தான். சான்று எழுதும்போது, தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லையே என்றுதான் பார்த்தார்கள். மாமன் கணக்கில் வரவில்லை. என் பட்டம் குறுக்கே நிற்காமல் போனதற்கு அன்றைக்கு நிம்மதிப்பட்டேன். அந்தப் பணத்தை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை, கம்மலும் போகவில்லை.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2021இல் வந்த விதிமுறைப்படி மத்திய அரசின் பங்கான 60 சதவீதம் மாணவர் கணக்குக்கே போகிறது. மாணவர் எடுத்துக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். கல்லூரிகள் நடுவில் பணத்தை அமுக்கின என்ற புகார்கள் இருந்தன, அதற்காகத்தான் இந்த மாற்றம் என்றார்கள். இருக்கட்டும். ஆனால் வீட்டில் யாருக்கோ ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும்போது கணக்கில் இருபதாயிரம் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று விதி எழுதியவர் யோசித்தாரா? எடுத்துச் செலவழித்துவிட்டுக் கண்ணில் படாமல் சுற்றுகிற பையனை நான் திட்டியதில்லை. என் கணக்கில் அப்படி ஒரு தொகை 1996இல் வந்திருந்தால் கட்டியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

இனி தங்கம். 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் 2011இலிருந்து தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது, 2016இல் அது 8 கிராம் ஆனது. என் தங்கை பத்தாவது முடித்தவள். 2013இல் கல்யாணம். விதிப்படி கல்யாணத்துக்கு முன்பே மனு போட்டோம். தாலிக்குத் தங்கம் வந்து சேர்ந்தபோது அவள் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து மொட்டையும் போட்டாகிவிட்டது. அந்தத் தங்கக் காசைப் பிள்ளைக்கு அரைஞாண் செய்துவிட்டாள்.

2022இல் அந்தத் திட்டத்தையே மாற்றினார்கள். அதே அம்மையார் பெயரில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்கள் மேலே படித்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1000 ரூபாய். புதுமைப் பெண் திட்டம். செப்டம்பர் 5ஆம் தேதி பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கினார்கள். தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய ஒருவரின் பெயர் தாலியிலிருந்து கல்லூரிக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அம்மாவுக்கு இல்லை.

"தங்கம்னா அவசரத்துக்கு அடகு வெக்கலாம். ஆயிரம் ரூபாவை யாரு அடகு புடிப்பான்?"

"மாசாமாசம் வரும்மா."

"நீயும் அப்டித்தான சொல்லுவ. உன் வேலையே அதான."

அக்காவின் இளைய மகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள், அந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்தாள். கூடப் படிக்கிற பெண்களுக்கெல்லாம் வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. முதல் மாசம் இல்லை, இரண்டாம் மாசம் இல்லை, மூன்றாம் மாசமும் இல்லை. அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவாள். உதவித்தொகைப் பிரிவில் வேலை செய்கிறவன் வீட்டிலேயே இப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளை உட்கார வைத்து ஆதார் தளத்தில் பார்த்தேன். அவள் மனுவில் கொடுத்தது ஒரு வங்கி, பதிவேட்டில் நிற்பது கேள்விப்படாத இன்னொன்று. நன்றாக யோசித்தபின் சொன்னாள். பதினெட்டு வயது முடிந்த கையோடு சிம் வாங்கப் போன கடையில், "ஜீரோ பேலன்ஸ்மா, சும்மா வெச்சிக்க" என்று ஒரு கணக்குத் திறந்து பெருவிரல் வாங்கியிருக்கிறார்கள். பத்து வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் சொல்லிவந்ததை அக்கா மகளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கணக்கைத் தோண்டி எடுத்தோம். 3000 ரூபாய் அதில் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

எடுத்துக்கொண்டு வந்து ஆயாவின் கையில்தான் முதலில் கொடுத்தாள். அம்மா ஐந்நூறு ரூபாய்த் தாள்களை இரண்டு தடவை எண்ணினாள். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "எந்தக் கடனுக்குக் கட்டப் போற?" என்று கேட்டாள்.

"கடன் ஒண்ணும் இல்ல ஆயா. பஸ்ஸுக்கும் புக்குக்கும் வெச்சிக்கப் போறேன்."

அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. சர்க்கார் பணம் ஒரு கடனுக்கும் போகாமல் கையில் நிற்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

2023இல் மெரினா லூப் சாலையோர மீன் கடைகள் விஷயம் நீதிமன்றம் போய், கடைகளை எடுத்து, கரையே போராட்டத்தில் இறங்கி, பிறகு 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புது மார்க்கெட் திறந்தார்கள். அம்மாவுக்கும் ஒரு மேடை கிடைத்தது. முட்டிவலியால் பாதி நாள் அக்காதான் உட்காருகிறாள். ஆனால் கல்லூரிக்குப் போகிற வழியில் பேத்தி அங்கே நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். மாதத்தின் முதல் வாரம் முடிந்தால் அம்மா போனை நீட்டச் சொல்வாள். எஸ்.எம்.எஸ். படிக்கத் தெரியாது. எண்ணைப் பார்ப்பாள், தேதியைக் கேட்பாள். போன மாதம் எந்தத் தேதி, அதற்கு முந்தின மாதம் எந்தத் தேதி என்பதெல்லாம் தண்டல் அட்டை மாதிரி அவள் மனசில் இருக்கிறது. போன வாரம் நானும் அங்கே நின்றிருந்தேன். கத்தியைச் சங்கராவின் செதிலில் ஓட்டியபடியே, நிமிராமல் கேட்டாள்:

"இன்னாடீ, உன் சர்க்காரு இந்த மாசம் நாலு நாளு தாண்டிட்டான் போலகீது? எவன் கைல சொல்லணும் இதை?"

பேத்தி என் பக்கம் கையைக் காட்டினாள்.